வெட்டாத பக்கங்கள்

அன்புள்ள அப்பா,

யாருமே படிக்காத ஒன்றைப் புத்தகம் என்று சொல்லலாமா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நான் சேர்த்துவரும் விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலக் கிறிஸ்துமஸ் கதைத் தொகுப்புகளில் ஒன்றின் முதல் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அச்சகத்தில் மடித்த தாள்களின் ஓரத்தை இதுவரை யாரும் வெட்டிப் பிரிக்கவில்லை; வெட்டினால்தான் உள்பக்கங்களைப் படிக்க முடியும்.

“கத்தி வெச்சீங்கன்னா மதிப்பு போச்சு மேடம். அலமாரியில வெச்சு அழகு பாருங்க,” என்றார் கடைக்காரர்.

“அலமாரியும் நானும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்,” என்றேன். சிரித்தார்.

அம்மா கடைசிவரை போர்த்தியிருந்த பழைய சால்வை இன்னும் இருந்தால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்

மறுநாள்: இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. நேற்று மாலை பக்கங்களை வெட்டி, முதல் கதையைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள்.

“பேச்சுக்குரல் கேட்டுச்சே, ஊர்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?”

“இல்லைங்க,” என்றேன்.