பின்பக்க இடது சக்கரம்

குன்னம்
8.6.2025

அப்பா,

நீ நல்லா இருக்கன்னு அம்மா சொன்னா. நம்பிட்டேன். போன வாரம் போன்ல "வண்டிய வித்தாச்சா"ன்னு மூணு தடவ கேட்டியாம். விக்கல. விக்கவும் மாட்டேன். உனக்குக் கெடைக்கிற கொஞ்ச நிமிசத்துல முக்காவாசி அம்மா அழுவுறதுக்கே சரியாப் போயிடுது. அதான் எழுதுறேன். இதைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் உன்கிட்ட குடுப்பாங்களாம். படிக்கிற சாருக்கும் வணக்கம்.

நேத்து பிக்கப் மேல கெடந்த தார்ப்பாயை இழுத்தேன். ஆக்சிடென்ட் ஆயி கோர்ட்லேர்ந்து வண்டிய மீட்டு வந்த நாள்ல நிறுத்துனது, மூணு வருசமா மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாலயே கெடக்குது. சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு. நாலு டயரும் தரையோட ஒட்டிக்கிச்சு. பின்னால தொட்டியில நம்ம கருங்கோழி அடைக்கு ஒக்காந்திருக்கு. என்னைப் பாத்து மொறைச்சுச்சு, நானும் மொறைச்சேன்.

பழைய இரும்புக்காரன் வந்தான். அம்மா சரின்னுட்டா. நான்தான் அவனை வெரட்டுனேன். மேலத்தெரு அய்யாக்கண்ணு குடிச்சிட்டு மொபெட்ல குறுக்க வந்ததுக்கு நீ ஒரு வருசம் உள்ள இருக்கற. அது பத்தாதுன்னு வண்டியவும் ஒடைச்சுப் போடணுமா? ஊருக்கே தெரியும் தப்பு யாரு மேலன்னு.

காலேஜ்ல நின்னுட்டேன்னு வருத்தப்படாத. ரெண்டு வருசம் ஒக்காந்து பாத்தேன், பெஞ்சுல ஒக்காந்தாலே காலு நமநமங்குது. மூணாம் வருசத்துக்கு எடுத்து வச்ச நாப்பதாயிரம் இருக்கு. அதுல வண்டிய ஓட வைக்கிறேன். லைசன்ஸ் எடுத்துட்டேன். வெங்காயம், மக்காச்சோளம் நானே ஓட்டுறேன்.

வேணாம்னு எழுதிப் புண்ணியம் இல்ல.

பிரவீணா


திருச்சி மத்திய சிறை
19.6.2025

பிரவீணா,

சுகந்தானான்னு கேட்டா "அதான் எழுதியிருக்கேனே"ன்னு சண்டைக்கு வருவ. அதனால கேக்கல. சார் சிரிச்சுக்கிட்டே லெட்டரைக் குடுத்தாரு. "உம் மவளா, வாய் நீளம்பா"ன்னாரு.

என்னைத் தோட்டத்துல விட்டிருக்காங்க. வெண்டைக்காய் நல்லா வருது. முட்டி வலிதான் கொஞ்சம்.

சொன்னாக் கேளு. அந்த வண்டி நமக்கு ராசி இல்ல. மேல ஒரு கோட்டு பெயிண்ட் அடி, சீட்டை மாத்து. ஜெயங்கொண்டத்துல முந்திரிக்கொட்டை லோடு ஓட்டுறவன் எவனாச்சும் எடுத்துக்குவான். ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. பாக்கணும்னா ஒரு நாளைக்கு நல்ல டயரா வாடகைக்குத் தர ஆளு பெரம்பலூர்லயே இருக்கான். காட்டிட்டுக் கழட்டிக் குடுத்துடலாம். எல்லாரும் பண்றதுதான்.

ரொம்ப உள்ள எறங்காத. இஞ்சின் பாரு, முன்பக்கம் பாரு. பின் சக்கரத்த நான்தான் கடைசியாப் பிரிச்சுச் சேத்தேன், நல்லாத்தான் இருக்கும். அதைத் தொட்டா வீண் செலவு.

அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. நீ காலேஜுக்குப் போ. இன்னும் பேரு அடிச்சிருக்க மாட்டாங்க.

அப்பா
அழகேசன்


குன்னம்
6.7.2025

அப்பா,

பேரை நானே அடிச்சுட்டு வந்துட்டேன். அந்தப் பேச்சு முடிஞ்சுது.

பெயிண்ட் அடிக்கல. நாப்பதாயிரத்துல பெயிண்டுக்கு எடம் இல்ல. மொதல்ல நிக்கணும், அப்புறம் திரும்பணும், அப்புறம் கண்ணு தெரியணும், அதுக்கப்புறம்தான் ஓடணும். இந்த வரிசையிலதான் செலவுன்னு செல்லக்கண்ணு அண்ணன் பட்டறையில சொன்னேன். அவரு ஸ்பேனரைக் கீழ வச்சுட்டாரு.

"காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா பாப்பா?"

"காலேஜுல கரும்பலகையத்தாண்ணே காட்டுனாங்க."

"உங்கப்பன் ஓட்டுனப்ப ஆரன் மட்டுந்தான் மொதல்ல பாப்பாரு."

அவரு கூலி வாங்கல. பதிலுக்கு அவரு பட்டறையில காலையில நாலு மணி நேரம் நான் வேலை செய்றேன். வர்றவனெல்லாம் என்னைத் தாண்டிப் போயி "அண்ணே, மெக்கானிக் எங்க"ன்னு கேக்குறான். நான் வண்டிக்கு அடியிலேர்ந்து காலை ஆட்டுவேன்.

டயர் வாடகைக்கு எடுக்க மாட்டேன். ஒரு நாளு நல்ல டயரைக் காட்டிட்டு மத்த நாளெல்லாம் மொட்டை டயர்ல ஓடுறதுக்குப் பேரு எஃப்.சி.யா? நாலு டயர், புதுசு, பில்லோட. காசுல பாதி அங்கயே போயிடுச்சு. சீட் பெல்ட்டு அரியலூர்ல பழைய சாமான் கடையில, இழுத்துப் பாத்து வாங்குனேன். ரேடியேட்டர் குழாயெல்லாம் தொட்டா உதிருது, மாத்தியாச்சு. ஹெட்லைட் வயரை எலி தின்னுடுச்சு, அதை ஒக்காந்து நானே இழுத்தேன். ஸ்டீரிங் ஆட்டம் நின்னுடுச்சு.

பின்னால நீ கூடுதலாப் போட்ட ஸ்பிரிங் பட்டை நாலையும் கழட்டிட்டேன். ஒண்ணேகால் டன் வண்டியில ரெண்டரை ஏத்துறதுக்குத்தானே அது? இனிமே ஏத்த மாட்டேன்.

முன் பிரேக் முடிஞ்சுது. அடுத்த வாரம் பின் சக்கரம். நீ தொடாதன்னு சொன்ன, தெரியும். நிக்கிற சமாச்சாரத்துல அரைகுறையா விட முடியாது.

பிரவீணா


திருச்சி
14.7.2025

பிரவீணா,

பின் சக்கரத்தைப் பிரிக்காத. இன்னும் மூணு மாசம் பொறு, நான் வந்து பிரிக்கிறேன். அப்பன் ஒரு வார்த்தை சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். செல்லக்கண்ணுகிட்டயும் சொல்லி வை.

அப்பா


குன்னம்
27.7.2025

அப்பா,

உங்க லெட்டர் வர்றதுக்கு முந்துன நாளே பிரிச்சாச்சு.

இடது பின் சக்கரத்துக்குப் போற பிரேக் குழாய் மூட்டுல ஒரு இரும்புக் குண்டு இருந்துச்சு. பட்டாணி அளவு, பேரிங்லேர்ந்து எடுத்தது. ஆயில் அந்தச் சக்கரத்துக்குப் போகவே முடியாம அடைச்சு வச்சிருக்கு. செல்லக்கண்ணு அண்ணன் பாத்தாரு, பீடியைப் பத்த வச்சாரு.

"ஒழுகுற சக்கரத்தை இப்புடி அடைச்சுடுவாங்க பாப்பா. மிச்சம் மூணு நிறுத்திடும்னு ஒரு தைரியம்."

"யாரு போட்டதுண்ணே?"

"நான் போடல. உங்கப்பாவையே கேளு."

கேக்குறதுக்கு முன்னால ஒண்ணு செஞ்சேன். குண்டை இருந்த எடத்துலயே வச்சு மூடினேன். ஏரி காஞ்சுதான் கெடக்கு. மண்ணு மூட்டை ஏத்திக்கிட்டு ஏரிக்குள்ள ஓட்டுனேன். காலியா இருந்தப்ப நேரா நின்னுச்சு. மூட்டை ஏத்தி பிரேக்கை அழுத்திப் புடிச்சா பின்பக்கம் ஒதறிக்கிட்டு வண்டி வலது பக்கம் போவுது. மூணு தடவ. டயர் தடம் மூணும் வலது பக்கமாத்தான் வளைஞ்சு கெடந்துச்சு. அப்புறம் குண்டை எடுத்துட்டு, ஒழுகுற சாமானைப் புதுசு போட்டு, அதே மூட்டையோட ஓட்டுனேன். தடம் நேராப் போச்சு.

நீங்க அன்னிக்கு வெங்காயத்தோட அரியலூர் போயிட்டு இருந்தீங்க. ஆடு ஒண்ணு ஓடுச்சு, பிரேக் அடிச்சேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அய்யாக்கண்ணு எதுக்க வந்தாரு. அவரு வர வேண்டிய பக்கம் உங்களுக்கு வலது பக்கம்.

அவரு குறுக்க வந்தாரா, நீங்க குறுக்க போனீங்களா?

அவரு குடிச்சிருந்தாரா?

ஸ்கூல் வேன் ஓட்டிட்டு இருந்த மனுசன். இடிச்சதுல ஒடைஞ்ச காலு கூடி ஒரு வருசம் ஆவுது. குடிகாரன்னு பேராயிடுச்சுன்னு ஒருத்தனும் வண்டி தர்றதில்ல. அவரு சம்சாரம் வேம்பு அக்கா களை எடுக்கப் போயித்தான் அந்த வூட்டுல சோறு. நானும் அவரைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் போயிருக்கேன், மூணு வருசமா.

கேட்டதுக்குப் பதில் மட்டும் எழுதுங்க. வெண்டைக்காய் வேணாம்.

பிரவீணா


திருச்சி
11.8.2025

பிரவீணா,

திடீர்னு "நீங்க" போட்டு எழுதியிருக்க. இங்க எல்லாரும் என்னை நீன்னுதான் கூப்பிடுறாங்க, அது ஒரைக்கல. இது ஒரைச்சுது.

குண்டு நான் போட்டதுதான். சீசன் நேரம். சக்கரத்துல ஆயில் ஒழுகுச்சு. சாமான் வெல அறுநூறு ரூவாதான். காசுக்காக இல்ல, ஒரு நாளு வண்டி நிக்கணும், யாவாரி வேற வண்டியப் புடிச்சிடுவான். சந்தை முடியட்டும், மாத்திக்கலாம்னு இருந்தேன். பதினோரு நாள் ஓட்டுனேன். பன்னண்டாம் நாள் அது நடந்துச்சு.

அவன் அவன் பக்கத்துலதான் வந்தான்.

குடிச்சிருந்தான்னு நான் மொதல்ல சொல்லல. கூட்டத்துல எவனோ சொன்னான். நான் இல்லன்னு சொல்லல. நாலு பேரு அதையே சொன்னாங்க. அப்புறம் நானும் சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல எனக்கே அவன் தள்ளாடிக்கிட்டு வந்தது கண்ணுல தெரிஞ்சுது. பொய்ன்னு தெரிஞ்சே தெரிஞ்சுது.

தண்டனையத்தான் அனுபவிச்சுட்டேனே. இன்னும் ரெண்டு மாசத்துல வெளிய வரப்போறேன். அம்மாகிட்ட சொல்லாத. ஊர்ல பேச்சை மறுபடி கெளப்பாத. குண்டைத் தூக்கிப் போட்டுட்டியில்ல, அதோட விடு.

அப்பா


குன்னம்
21.9.2025

அப்பா,

விட மாட்டேன்.

எஃப்.சி. ஆயிடுச்சு. இன்சூரன்ஸ் கட்டியாச்சு. அதிகாரி ஓட்டிப் பாத்தாரு, பிரேக்கை ரெண்டு தடவ அடிச்சுப் பாத்தாரு, அடியில குனிஞ்சு பாத்தாரு. "யாரும்மா வேலை பாத்தது"ன்னாரு. "நான்தான் சார்"ன்னேன். "டிரைவர் எங்க?" "அதுவும் நான்தான் சார்." கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு.

மூணு வாரமா ஓட்டுறேன். மொத லோடுலயே வெங்காய யாவாரி, "பொட்டப்புள்ள ஓட்டுனா வண்டியும் பத்தியம் இருக்குமா, இன்னும் பத்து மூட்டை போடு"ன்னான். "உங்க தலை காலியாத்தான இருக்கு, அதுல ஏத்திக்குங்க"ன்னேன். அந்த ஆளு போயிட்டான். வேற ஆளு வந்தான். கொறைச்சுத்தான் கெடைக்குது, ஆனா ஒரு நாளும் வழியில நிக்கல.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். கோவிச்சுக்க. அவ அழுவல. ரொம்ப நேரம் பாத்திரம் தேய்ச்சா. "எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு"ன்னா.

போன ஞாயித்துக்கிழமை அய்யாக்கண்ணு வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்துனேன். வேம்பு அக்கா வெளிய வந்து, அடிக்கவா அணைக்கவான்னு தெரியாத மாதிரி நின்னாங்க. அவரு கட்டில்லேர்ந்து எழுந்து, லேசா விந்திக்கிட்டே வண்டியச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு டயரைத் தடவிப் பாத்தாரு.

"பிரேக்கு பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமா."

"நாலும்?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. பயந்துக்கிட்டு இல்ல. நான் சொன்னா, அப்பன் மேல கோவத்துல மவ பேசுறான்னு ஊரு தட்டிவிட்டுடும். அவருக்கு மறுபடி வண்டி கெடைக்கணும்னா, அவரை இடிச்சவன் வாயாலதான் அது வரணும். "நாலும்"னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

நீ தண்டனைய அனுபவிச்சுட்டேன்னு எழுதியிருக்க. அது வண்டிய இடிச்சதுக்கு. குடிகாரன்னு சொன்னதுக்கு அவருதான் இன்னும் அனுபவிச்சுட்டு இருக்காரு.

அக்டோபர் பதினாலு உன்னை விடுறாங்கன்னு அம்மா சொன்னா. காலையில வண்டியோட ஜெயில் வாசல்ல நிப்பேன். ஆனா வூட்டுக்குப் போறதுக்கு முன்னால அய்யாக்கண்ணு வூட்டுக்குப் போவேன். நீ எறங்கிச் சொல்லணும். அப்புறம் அவரு வேன் ஓட்டுன ஸ்கூலுக்குப் போயி அங்கயும் சொல்லணும். முடியாதுன்னா வாசல்லயே சொல்லிடு, குன்னம் வரைக்கும் பஸ் காசை கையில குடுத்துட்டு நான் லோடுக்குப் போயிடுவேன். அம்மா உனக்குச் சோறாக்கி வைப்பா. நான் அந்த வூட்டுல இருக்க மாட்டேன்.

கெஞ்சுறேன்னு நினைக்காத. ஒரு தடவதான் எழுதுவேன்.

பிரவீணா


திருச்சி
3.10.2025

பிரவீணா,

எட்டு நாளா உன் லெட்டரைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, பதில் எழுதாமலே இருந்துடலாமான்னுதான் பாத்தேன்.

பஸ் காசு வேணாம். வண்டியவே எடுத்துட்டு வா. மொதல்ல யாரைக் கும்புடுறது, எந்த வார்த்தைய மொதல்ல சொல்றதுன்னு ஒண்ணும் தெரியல. வழியில நீயும் ஒண்ணும் சொல்லிக் குடுக்காத.

ஒரே ஒரு காரியம் பண்ணு. பதினாலாந்தேதி அய்யாக்கண்ணு எந்த நேரம் வூட்டுல இருப்பான்னு நல்லா விசாரிச்சு வை. அவன் இல்லாத நேரமாப் போயிட்டு, "வந்தேன், ஆளைக் காணும்"னு திரும்புற ஆளு நான். எனக்கு என்னைத் தெரியும்.

அப்பா