நானூறு சட்டி மண்

ஆடி 3, வியாழன்
காலையிலேயே வெயில். தோட்ட வேலை ஆரம்பம்.

பின்பக்கம் முழுக்கப் பாறை. அதன்மேல் அவர் பன்னிரண்டடிக்கு எட்டடி கல் அடுக்கி, ஓரடி உயரத்துக்குப் பாத்தி கட்டினார். மண் கொட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று மாசம் ஆகிறது.

ஞாயிறு செல்வி வருகிறாள், என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போக. அதற்குள் விதை போட்டுவிட்டால், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று சொல்லி இங்கேயே இருந்துவிடலாம். பெற்ற மகளிடம் வேறு எப்படிச் சொல்வது?

மூலையில் ஓரடிக்கு ஓரடி செங்கல்லால் மறித்தேன். சித்தாள் வேலையில் எட்டு வருஷம் தூக்கிய மாதிரிச் சட்டியில், அப்போது தூக்கிய அதே அளவு மணல் அள்ளிக் கொட்டினேன். நாலு சட்டியில் நிறைந்தது. அப்படி எத்தனை ஓரடி? வாய்ப்பாடு மறந்துபோச்சு. வேர்க்கடலை அடுக்கி எண்ணினேன். நடுவில் நாலைந்தைத் தின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

மொத்தம் கிட்டத்தட்ட நானூறு சட்டி.

வெள்ளி
டிராக்டர்காரன் ஏழுமலைக்குப் போன்.
"எத்தினி யூனிட்டு வேணும்க்கா?"
"யூனிட்ட நான் இன்னா கண்டேன்? செம்மண்ணு நானூறு சட்டி."
"அப்ப ரெண்டு லோடு."

மதியம் ரசம். உப்பு போட மறந்துவிட்டேன். குறை சொல்ல ஆள் இல்லை.

சனி
ரெண்டு லோடும் வாசலில். தெருவே அடைபட்டுவிட்டது. பாத்திக்கு ஒரு லோடே போதும்போல் இருக்கிறது. ஏழுமலையிடம் சண்டை.
"சட்டின்னா இதான்க்கா" என்று கோபுரமாக அள்ளி வைத்தான். தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை.
"எட்டு வருஷம் தூக்கினவ நானு. இவ்ளோ இருக்காது!"

பக்கத்து வீட்டு அஞ்சலை சிரித்தாள். என்கூடவே சித்தாள் வேலை பார்த்தவள்.
"அடியே, கலவை அள்ளிப் போட்டது யாரு? உன் ஊட்டுக்காரரு. உனக்கு அரைச் சட்டி, எங்களுக்குத்தான் கோபுரமா. சைட்டுக்கே தெரியும்டி."

நான்தான் சுறுசுறுப்பு என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னாரா?

தெருவிலேயே அழுதேன். ஏழுமலை பயந்துவிட்டான். "அழாதக்கா, ஒரு லோட திருப்பி எடுத்துக்கறேன்." வேண்டாம் என்றேன். அவர் குறைத்துப் போட்ட பாதி, இருக்கட்டும்.

ஞாயிறு
செல்வி மண்மேட்டில் ஏறி இறங்கி வந்தாள். செருப்பு ஒன்று மண்ணுக்குள்.
"கிளம்பும்மா."
"இத்த உள்ள கொட்டிட்டு வரேன்."
"எப்ப முடியும்?"
"அரைச் சட்டியா அள்ளினா எண்ணூறு நட."
"அப்புறம்?"
"அப்புறம் வெண்டைக்கு யாருடி தண்ணி ஊத்துவா?"

இருபது சட்டி அவளும் தூக்கினாள். சாயங்கால பஸ்ஸுக்குத் தனியாகப் போனாள். ஏறும்போது, "கத்திரியும் போடும்மா" என்றாள்.

கத்திரி நாற்றுக்கு அஞ்சலையைக் கேட்கணும். இன்றைக்கு வேண்டாம். அவளோடு பேச்சில்லை. இத்தனை வருஷம் தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.