பகலில் தூங்குகிறவர்

சூளகிரி
2.3.2009

அன்புள்ள கணவருக்கு,

சத்யப்ரியா எழுதுவது. நான் சுகம். நீங்கள் எந்த ஊரில் சுகம் என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்பேன். மெயில் அனுப்பினால் எங்கே இருந்தாலும் படித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் அது வந்து சேரும்வரையாவது ஓரிடத்தில் இருப்பீர்களே என்றுதான் நீங்கள் கடைசியாகத் தந்த விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன்.

என் கம்பெனியில் ஆர்டர் குறைந்து வாரம் மூன்று நாள்தான் வேலை. மீதி நாட்களில் கூட்டின வீட்டையே மறுபடி கூட்டுகிறேன். ஹைவேயில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

நீங்கள் தங்கியிருந்த கடற்கரை ஊரில் லேப்டாப்போடு வந்து தங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள், வீட்டுக்காரர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாட்டுக்கொட்டகையில் படுக்கிறார், கிணறும் உப்பாகிவிட்டது, அதனால் மலைப்பக்கம் போகப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள். அந்தக் குடும்பம் எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? படித்ததும் உங்கள் மேல் கோபம்தான் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் வேலைதான் என்றால் இங்கே யார் நம்புவார்கள்? நீங்கள் போனபின் இந்த வீட்டுக்கு மாறினேனே, அப்போதே கீழ்வீட்டு ஓனர் பாப்பம்மாவிடம், உங்களுக்கு ஓசூரில் நைட் ஷிஃப்ட், பகலெல்லாம் தூக்கம் என்று சொல்லிவைத்தேன். தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தானே. உங்கள் ஷூவை வாசலிலேயே விட்டிருந்தேன். உங்கள் தூக்கம் கெடக்கூடாதென்று நான்கு மாதமாக அந்த அம்மாள் மதியம்வரை மிக்சி போட்டதில்லை.

போன வியாழக்கிழமை ரேஷன் கார்டு சரிபார்க்க ஒருவர் வந்தார். கார்டில் உள்ளவர்களை நேரில் பார்க்க வேண்டுமாம். நான் வாய் திறப்பதற்குள் பாப்பம்மாவே, பாவம், அசந்து தூங்குகிறார் என்று பரிந்து பேசினார். "எழுப்பும்மா, மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார் வந்தவர். நான் அசையவில்லை. பாப்பம்மாதான் கதவைத் தள்ளினார். கட்டிலில் மடித்துவைத்த துணிகள்தான் இருந்தன. அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கே மிக்சி ஓடியது.

வந்தவர் உங்கள் பெயரைப் பென்சிலால் சுழித்துவிட்டுப் போயிருக்கிறார். இருபதாம் தேதி திரும்ப வருவார். அன்றும் நீங்கள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார், நான் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாதவன் என்று ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்று என் கையால் எப்படி எழுதிக்கொடுப்பேன்?

எங்கே இருந்தாலும் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். இருபதாம் தேதி மட்டும் வீட்டில் இருங்கள். அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மனம் வரவில்லை.

உங்கள்
சத்யப்ரியா