குவைத்திலிருந்து வந்த கடிகார ரேடியோ

அன்புள்ள அத்தா,

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த டிவி ரிப்பேர் கடையில் ஒதுங்கினேன். உள்ளே ஒருவர் எதற்கோ ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மழையிலேயே இறங்கி நடந்துவிட்டேன். ராஜபாளையம் வந்து சேர்ந்து, தலையைக்கூடத் துவட்டாமல் இதை எழுதுகிறேன்.

குவைத்தில் சண்டை மூண்டபோது உங்கள் மருமகன் அங்கே வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்த ஒருவர் கையில் அவர் கொடுத்தனுப்பியதுதான் அந்தக் கடிகார ரேடியோ. சிவப்பு எழுத்தில் மணி காட்டும். சண்டை தொடங்கியதும் கடிதம் நின்றது, போன் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தால் எல்லோரும் செய்தியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். அம்மாவும் இல்லாத வீட்டில் நமக்கு அந்த ரேடியோ ஒன்றுதான் துணை.

அதை உடைத்தது நான். ஒருநாள் காலைச் செய்தியில் பெட்ரோல் விலை பற்றி மட்டும் சொல்லிவிட்டு முடித்தார்கள். எனக்குள் என்ன வந்ததோ, பிடுங்கித் தரையில் அடித்தேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் கைலியில் முடிந்துகொண்டீர்கள். அன்று வேலைக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியோ கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். "பாய், கரண்டு வர்ற ஒயரு அத்துருக்கு, அது ஒண்ணுமில்ல. ஏரியல் காயில்ல நாலு ஒயரும் போச்சு. முடி மாதிரி ஒயரு. மதுரையிலருந்து வேற காயிலு வரணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? அம்புட்டு நாளு செய்தி கேக்காம எப்படிங்க இருக்க?" என்றீர்கள். துண்டுகளைத் திரும்ப முடிந்துகொண்டு வந்துவிட்டோம்.

பேண்டேஜ் துணி நெய்கிறவருக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும்? கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் பற்றவைக்கிற கருவியை வாங்கி வந்தீர்கள். கரண்டு வயரைச் சேர்த்ததும் சிவப்பு எழுத்து கண் சிமிட்டியது. ஆனால் சத்தமில்லை. தறியில் அறுந்த இழையைப் பேசிக்கொண்டே முடிகிற கை உங்களுடையது. அந்தக் கைக்கு இந்தக் கம்பிகள் பிடிபடவில்லை. முதலில் நூலை முறுக்குவது போல முறுக்கிப் பார்த்தீர்கள். ஈயம் வைத்தால் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டினால்தான் ஒட்டும் என்று மறுநாள் எலக்ட்ரீஷியன் சொன்ன பிறகுதான் பிளேடை எடுத்தீர்கள்.

எந்தக் கம்பி எந்தப் புள்ளிக்கு என்பதும் நமக்குத் தெரியாது. மாற்றி மாற்றி வைத்தோம். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கம்பி நகம் அளவு குறைந்தது. ஊசியால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கரகரவென்று ஒரு சத்தம் வந்து, அதற்குள்ளிருந்து ஒருவர் நெற்பயிரில் பூச்சி விழுவதைப் பற்றிப் பேசினார். "கேக்குதும்மா! கேக்குது!" என்று நீங்கள் சின்னப்பிள்ளை போலக் கத்தினீர்கள். நெல்லுக்கு என்ன மருந்து அடிப்பது என்று இரண்டு பேரும் அழுதுகொண்டே கேட்டோம்.

பிறகு ஒரு செய்தியையும் நாம் விட்டதில்லை. இன்று இத்தனை பேர் விமானத்தில் பம்பாய் வந்திறங்கினார்கள் என்பார்கள். "ஒரு பேரையாவது சொல்லலாம்ல" என்று நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்பீர்கள். தெளிவாகத்தான் பேசியது. நமக்கு வேண்டியதை அது சொல்லவே இல்லை.

அவரோடு வேலை பார்த்த செட்டியார்பட்டிக்காரர் ஊர் வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு ஓடினோம். "பார்டரு வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம் பாய். அங்கன கூட்டத்துல நான் ஒரு லாரி, அவரு ஒரு லாரி. பொறவு பாக்கல" என்றார் அவர். "அந்த லாரி என்ன கலரு?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவருக்கு ஞாபகமில்லை. மறுபடி கேட்டீர்கள். மூன்றாம் முறையும் நீங்கள் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சண்டை முடிந்தது. அவர் வரவில்லை. மதுரைக்கும் விருதுநகருக்கும் மனுவோடு நடந்தோம். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், எழுதிக்கொண்டார்கள், அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது நீங்கள் திடீரென்று சொன்னீர்கள். "நாந்தாம்மா போகச் சொன்னேன். இங்கனயே கடை வைக்கிறேன்னுதான் மாப்பிள சொன்னாரு. நாந்தான் கேக்கல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

அதற்கு ஏழு வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களுக்குப் பேச்சு வரவில்லை. நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அதே பார்வை பார்த்தீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "பேசாமப் படுங்க அத்தா" என்றேன். நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

இப்போது சொல்கிறேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார். "போகணுமா? நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்." எனக்குச் சொந்த வீடு வேண்டியிருந்தது. "எல்லா வீட்லயும் போறாகல்ல, போயிட்டு வாங்க" என்றேன். அவர் அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அனுப்பியது நீங்கள் இல்லை, அத்தா. நான்தான். அதைச் சொன்னால் அதற்குப் பிறகு என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்று பயந்தேன். ஏழு வருஷம் உங்களைச் சுமக்க விட்டேன். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று கபர்ஸ்தானுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். 'உங்க மேல தப்பில்ல' என்ற மூன்றே வார்த்தை. அதை வாயில் வைத்துக்கொண்டு, கூட்டம் தெரு முனையில் திரும்பி மறையும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் மகள்