வெளிச்சம் பத்தல

என் வீட்டு போட்டோகிராபருக்கு,

நேரில் சொன்னால் கத்திவிடுவேன். அதனால் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

காட்மாண்டுவிலிருந்து மாணவர் விசாவில் சிட்னிக்கு வந்தாய், என்னைக் கட்டிக்கொண்டாய். நம் கல்யாணம் நிஜம்தான் என்று குடியேற்றத் துறைக்குக் காட்ட எத்தனை படம்! பாத்திரம் கழுவும்போது சண்டை வந்தால்கூட, "கொஞ்சம் சிரி, அப்புறம் திட்டிக்கோ" என்பாய்.

போன வருஷம் நம் நேபாளத் தசைன் பண்டிகைக்கு அம்மா உன் நெற்றியில் ஆசீர்வாத டீகா வைத்தாள். "அத்தே, அழிச்சிட்டு இன்னொரு தடவ வைங்க, வெளிச்சம் பத்தல" என்றாயே! வைத்த டீகாவை யாராவது அழிப்பார்களா? "இந்த மாப்பிள்ளையோட பெரிய ரோதனை" என்று சிரித்துக்கொண்டே அவளும் திரும்ப வைத்தாள்.

மார்ச் மாதம் உனக்கு நிரந்தர விசா வந்தது. அதன் பிறகு உன் போன் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

நேற்று மறுபடியும் தசைன். அரிசியும் தயிரும் குங்குமமும் பிசைந்த தட்டோடு அம்மா தானாகவே ஜன்னலோரம் போய் நின்றாள், பார்த்தாயா? நீ டீகாவை வாங்கிக்கொண்டு, ஆட்டுக்கறித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாய்.

"மாப்பிள்ளை படம் எடுக்கலயாடி?" என்று என்னிடம் கேட்டாள். உன் போனில் சார்ஜ் இல்லை என்றேன்.

அம்மா இன்னும் கிளம்பவில்லை. இன்றைக்கு ஜன்னலில் வெயில் இருக்கும்போதே வந்து சேர். ஒரே ஒரு படம் எடு. துறை நம்பிவிட்டது, நம்ப வேண்டியவள் நான் ஒருத்திதான் பாக்கி.

இப்படிக்கு,
உன் எல்லாப் படத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள்