வகை: மனிதர்

ஜூலை 8, 2025

நான் போட்ட நாற்பத்தொரு பதிவும் தவறாம். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை வீட்டிலேயே வைத்துக் கும்பிடுகிறோமே, வீட்டுக் கன்னி — பள்ளிபாளையம் பக்கத்துக் கன்னிகளையெல்லாம் மூன்று மாதமாக ஓர் இணையத் தகவல் தளத்தில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதலாம் என்றார்கள், எழுதினேன். ஒவ்வொரு பதிவிலும் முதல் கேள்வி: இது என்ன வகை? 'தெய்வம்' என்று போட்டேன். வேறென்ன போடுவார்கள்?

சேலத்திலிருந்து தளத்தின் பதிவுகளைச் சரிபார்க்கும் மலர்விழி எழுதியிருக்கிறாள்: "இவர்கள் பிறந்தவர்கள், இறந்தவர்கள். ஆகவே வகை, மனிதர். வழிபாட்டைக் குறிக்கத் தனிக் கட்டம் உண்டு. மனிதர் என்றால் பெயர் வேண்டும். மாதக் கடைசிக்குள் திருத்தாவிட்டால் நீக்கிவிடுவோம்."

என் வயதில் பாதி இருப்பாளா? எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

ஜூலை 9

கோபம் தீரவில்லை. ஆனால் அவள் சொல்வது சரி.

ஜூலை 14

போன் பேசிப் பேசிக் காது சுடுகிறது. இருபத்தாறு வீட்டில் கேட்டாயிற்று. "பேருங்களா? கன்னிம்மான்னுதானுங்க கும்புடறோம்." துணி எடுத்து வைக்கிறார்கள், வளையல் வாங்கி வைக்கிறார்கள். பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். இரண்டே இரண்டு பெயர்தான் தேறியது.

ஜூலை 17, ஆடி ஒன்று

என் வீட்டுக்காரரின் அக்கா செல்லாயி நங்கை வந்தார்.

"வசந்தாமணி, ஆடிப் பதினெட்டுக்குக் கயலுக்குத் துணி வெச்சுக் கும்புட்டுரலாம். வருசம் ஒண்ணு ஆச்சில்ல. அப்பறம் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது அம்முணி. கன்னிம்மாதான்."

கயல்விழி. என் மகள். பதினாறு வயது. நாலே நாள் காய்ச்சல்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அது ஒன்றுதான் தெரியும் அந்த மனுசனுக்கு.

ஜூலை 22

பயமா இருக்கு. அம்பது வருசம் கழிச்சு எவளோ ஒருத்தி போன் போட்டு, உங்க வீட்டுக் கன்னி பேரென்னன்னு கேப்பா. தெரியாதுங்கம்பாங்க. என் புள்ளையைத்தான். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

ஜூலை 25

புதுப் பதிவு திறந்து, கயல்விழி என்று தட்டினேன். வகை? கை ஓடவில்லை. மூடிவிட்டேன்.

ஜூலை 31

கெடு இன்று. ஏழு பெயர்தான் கிடைத்தது. வெட்கத்தை விட்டு மலர்விழியிடம் கெஞ்சினேன். உடனே பதில்: "பெயர் தெரியாவிட்டாலும் மனிதர் மனிதர்தான் அக்கா. 'பெயர் தெரியவில்லை' என்றே போடுங்கள். நீக்க மாட்டேன்."

முப்பத்துநாலு தடவை 'பெயர் தெரியவில்லை' என்று தட்டினேன். பாதிக்கு மேல் திரை தெரியவில்லை, அவ்வளவு அழுகை.

ஆகஸ்ட் 2

நங்கை புதுப் பாவாடையோடு வந்துவிட்டார். கத்திவிட்டேன். "இந்த ஊட்டுல ஏற்கெனவே ஒரு கன்னி இருக்குதுல்லங்க? அது பேரென்ன, சொல்லுங்க! தெரியாதில்ல? நாளைக்கு எம்புள்ளைக்கும் இதே கதிதானுங்களா?"

நங்கை பாவாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஆராயி," என்றார். "எங்கக்கா. வாய் தொறந்து சொல்லி நாப்பத்தெட்டு வருசமாச்சு."

அப்படியே உட்கார்ந்து தேம்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ பாட்டன் காலத்துப் பெண் என்றல்லவா நினைத்திருந்தேன்? என் வீட்டுக்காரருக்கு அப்போது இரண்டு வயதாம். தன் அக்கா என்று அவருக்கும் இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

பாவாடை வைத்து, வளையல் வைத்து விளக்கேற்றினோம். சொந்தக்காரர்கள் "கன்னிம்மா" என்று ஆரம்பித்தார்கள். நங்கை கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு பின்வாசல் வரை கேட்கிற மாதிரி, விளையாடப் போன பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்:

"ஆராயி அக்கா! கயலு! பொங்கல் ஆறுது பாரு, ரெண்டு பேரும் வாங்க."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையாட்டவில்லை. "கயலு," என்றார், இந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக.