கத்தி படாமல்

மெட்ராஸ்
12.6.1984

அன்புள்ள மாமாவுக்கு, நாகம்மாள் எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை.

மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவினேனே, அது மூலம் இல்லையாம். ஆசனவாயில் புற்றுநோய். அறுத்தால் ஆயுளுக்கும் வயிற்றில் பை கட்டி, அதில்தான் வெளிக்குப் போகவேண்டுமாம். "அதுக்கு என்னைக் கடல்லயே போட்டுடுங்கம்மா" என்றேன். டாக்டரம்மா சிவகாமசுந்தரி கோபப்படவில்லை. "புதுசா ஒரு வழி இருக்கு. மருந்தும் ஏத்தி, கூடவே கதிர்வீச்சு, அதான் நீங்க சொல்ற கரண்டு, அதையும் வைக்கணும். கட்டி கரைஞ்சா கத்தியே வேணாம். கஷ்டமா இருக்கும், தாங்குவியா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

தம்பி வீட்டிலிருந்து போய்வருகிறேன். ஊரில் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லுங்கள். அந்த இடத்தின் பேரைச் சொல்லி என் மானத்தை வாங்காதீர்கள்.

உங்கள் நாகம்மாள்


மெட்ராஸ்
9.7.1984

மாமா,

வார்டில் சேர்த்து நாவற்பழ நிறத்தில் ஊசி போட்டார்கள். பாட்டில் மருந்து இரவும் பகலுமாக ஏறியது. வாயெல்லாம் புண். கரண்டு வைத்த இடத்தில் தோல் உரிந்து உட்கார முடியவில்லை. குப்புறப் படுத்து எழுதுகிறேன். போதும். வந்து அழைத்துப் போய்விடுங்கள்.

நாகம்மாள்


மணப்பட்டு
13.7.1984

அன்புள்ள நாகுவுக்கு,

உன் கடிதம் பார்த்ததும் அழைத்துவரத்தான் சட்டையை மாட்டினேன். அப்போது பவுனம்மாள் வந்தாள்; பாகூர் சந்தையில் உன்னோடு இடத்துக்குச் சண்டை போடுபவளேதான். "நாகம்மாவுக்கு இன்னா நோவு? மெய்யா சொல்லுண்ணா" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டாதே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குந்தாண்ணா ரத்தம் போவுது. வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல" என்று அழுதாள். நாளைக்கே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுகிறேன். நீ பாதியில் எழுந்து வந்தால் அவள் எந்தத் தைரியத்தில் போவாள்?

அவளைக் காட்டிவிட்டு நேரே உன்னிடம் வருகிறேன். அழைத்துவர அல்ல, கூட இருக்க. தாங்கிக்கொள்ளடி.

தங்கவேல்


மெட்ராஸ்
24.9.1984

அன்பு மாமாவுக்கு,

நீங்கள் ஊர் திரும்பியபின் புண்ணெல்லாம் ஆறிவிட்டது. இன்று டாக்டரம்மா சோதித்தார். மறுபடியும் சோதித்தார். "கட்டி இருந்த இடமே தெரியலம்மா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கத்தி இல்லை, பை இல்லை. அவ்வப்போது வந்து காட்டினால் போதும். காலையில் எல்லாரையும்போல வெளிக்குப் போனேன். இதையும் எழுதுவாளா என்பீர்கள். எழுதுவேன்!

பவுனம்மாளுக்கு வெறும் மூலம்தான் என்று உங்கள் போன கடிதத்தில் படித்துச் சிரித்தேன், அழுதேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். கன்னியக்கோயில் நிறுத்தத்துக்கு வாருங்கள்.

இன்று வார்டில் சொல்லிக்கொள்ளப் போனபோது புதிதாக வந்தவள் ஒருத்தி, "உனக்கு எங்கக்கா?" என்று காதோடு கேட்டாள். நர்ஸ் முந்திக்கொண்டு "வயித்துல" என்றாள். "இல்ல, ஆசனவாயில. இருந்துச்சு, போயிடுச்சு!" என்றேன், வார்டே திரும்பிப் பார்க்க.

உங்கள்
நாகு